இட்லியின் அடிப்பக்கம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் ஸ்டுடியோவின் முதலாளி வேதவல்லி மேடம். இட்லி மாவுக் கம்பெனி நடத்தும் கிரிஜம்மா. அவருடைய மகன் பிரசாந்த். கம்பெனியின் பணம் அவர் கையில். என்னோடு வேலை பார்த்த காவ்யா. ஐந்தாவது நான், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், எழுந்து ஓடத் தோதாக. சுவரில் இருந்த பெரிய திரையில் ஓர் இட்லி.

அந்த இட்லியைச் செய்தவன் நான். மாவு இல்லை, அடுப்பு இல்லை. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது.

இதை இப்போது எழுத வைத்தவள் காவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது வீட்டுக்கு வருவாள். போன மாதம் வந்தவள் போனில் இரண்டு இட்லிப் படங்களைக் காட்டினாள். இப்போதெல்லாம் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், மெஷினே வரைந்து தருகிறதாம். ஒன்று அது வரைந்தது, மற்றது நீங்கள் செய்தது, எது உங்களுடையது என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் அலட்சியமாகவே ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அது மெஷினுடையது. பாவம், அவள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்து பார்த்தாள்.

சிரித்து முடித்த பிறகு, "நீங்க எப்பிடிப் பண்ணீங்கன்னு எழுதி வைங்க அங்கிள், சும்னே மறந்து போயிரும்" என்றாள். கன்னடக்காரி; அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாராவது படித்துக் காட்டட்டும்.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளி கிராமத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வறுமையினால் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு என்மேல் ஒரு மரியாதை வரும், ஆனால் காரணம் அதுவல்ல. ஒன்பதாவதில் கணக்கில் தோற்றுவிடுவேன் என்று பயம். போகாமலே இருந்துவிட்டால் தோற்க முடியாதல்லவா? என் அப்பா இந்தத் தர்க்கத்தைக் கேட்டுவிட்டு, இவன் காட்டு வேலைக்கும் உதவ மாட்டான் என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த தூரத்து மாமாவிடம் அனுப்பி வைத்தார். அங்கே கல்யாணப் போட்டோக்களில் பரு நீக்கினேன், மூடிய கண்களைத் திறந்து வைத்தேன், முகத்தைத் தூக்கி வைத்திருந்த சம்பந்திகளைச் சிரிக்க வைத்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஷாக் அடிக்கும் என்று பயந்து ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கற்றுக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

வேதவல்லி மேடம் என்னை வேலைக்கு எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நேர்காணலுக்குப் போனபோது மேஜைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். மற்றவர்கள் பளபளப்பு, நிழல் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். நான், "ஓரத்துல இருக்குதுங்க மேடம், விழுந்துரும்" என்றேன்.

அவர் டம்ளரை நகர்த்தவில்லை. "விழுந்தா எங்க நெளியும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பிறந்ததிலிருந்து தயாராக இருந்தேன். விளிம்பு முதலில் படும், விளிம்பில் சின்னதாக ஒரு மடிப்பு விழும், அதற்கு நேர் கீழே வயிற்றில் மெலிதாக ஒரு பள்ளம், கழுவும்போது சோப்பு அந்த மடிப்பில் தங்கி வெள்ளையாகக் காயும் என்று சொல்லிக்கொண்டே போனேன். வேலை கிடைத்தது.

எங்கள் ஸ்டுடியோவின் தொழில், பொருள்களைப் போட்டோ எடுக்காமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்குவது. குக்கர், மிக்ஸி, ஊதுபத்தி டப்பா, எது வேண்டுமானாலும். கம்ப்யூட்டரில் பிறக்கிற பொருள் ரொம்பச் சுத்தமாக இருக்கும்; அந்தச் சுத்தத்திலேயே பொய் என்று தெரிந்துவிடும். அதற்குக் கீறல், தூசு, கறை, தேய்மானம் எல்லாம் போட்டு நம்பும்படி செய்வதுதான் என் பங்கு. எதைப் பார்த்தாலும் அது எங்கே உடையும், எங்கே துருப்பிடிக்கும், எங்கே ஒழுகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். வீட்டில் இதற்கு அபசகுனம் என்று பெயர். ஸ்டுடியோவில் இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மேடத்தின் குடும்பம் மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து பல தலைமுறை ஆகிறது. குரல் எழும்பவே எழும்பாது. அவர் போட்ட முதல் சட்டம், புதுப் பொருள் வந்தால் அன்று முழுக்க மவுஸைத் தொடக்கூடாது. கிழக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்ன மேஜை இருக்கும். அதன்மேல் பொருளை வைத்துவிட்டு எதிரே உட்கார வேண்டும். எடுத்துப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். சாயங்காலம் மேடம் வந்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கேள்வி கேட்பார். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது? எந்தக் கையால் பிடித்திருக்கிறார்கள்? வெளிச்சம் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது? தெரியவில்லை என்றால் திட்ட மாட்டார். "சரி, நாளைக்கும் பாருங்கோ" என்பார். அவ்வளவுதான். ஒரு எலுமிச்சம்பழத்தை நான் வாரம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு பல மாதம் வீட்டில் ஊறுகாயைத் தொடவில்லை.

கிரிஜம்மாவின் வேலை வந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அந்த அம்மா வீட்டில் மாவரைத்து அக்கம்பக்கத்தில் விற்று, படிப்படியாகக் கம்பெனி ஆக்கியவர். ஊர் முழுக்க விளம்பரப் பலகை வைக்கவும் டி.வி.க்கும் ஒரு படம் கேட்டார். ஆவியிலிருந்து ஓர் இட்லி மேலே எழும்பி, காற்றில் மெதுவாகத் திரும்பி, இரண்டாகப் பிய்ய வேண்டும். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். இதைக் கேமராவில் எடுக்க முடியாது. விளக்குச் சூட்டில் இட்லி மேல்தோல் காய்ந்து கிழடு தட்டிவிடும். தவிர, இட்லி யார் சொன்னாலும் காற்றில் திரும்பாது.

இட்லி வெள்ளை, உருண்டை, இதிலென்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எவர்சில்வர்மேல் விழும் வெளிச்சம் அப்படியே திரும்பி வந்துவிடும். இட்லியில் கொஞ்சம் உள்ளே போய், துளைகளுக்குள் சுற்றி அலைந்து, வேறோர் இடத்தில் களைத்துப்போய் வெளியே வரும். அந்த ஆழம் சரியாக வராவிட்டால் இட்லி செத்துவிடும். என் முதல் இட்லி சோப்புக் கட்டி மாதிரி வந்தது. அடுத்தது தெர்மோகோல். அதற்கடுத்ததைக் காவ்யா பார்த்துவிட்டு, தண்ணீரோடு விழுங்குகிற மாத்திரை மாதிரி இருக்கிறது என்றாள்.

ஆழத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் சமையலறை ஜன்னலை மூடிவிட்டு, சூடான இட்லிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். ஓரமெல்லாம் மங்கலாக, பால் கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. என் மனைவி சரசு வந்து விளக்கைப் போட்டாள்.

"ஏனுங்க, இட்லிக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?"

அன்றிலிருந்து எல்லா வேலையும் சரசுவின் இட்லியை வைத்துத்தான். கேக் வைக்கும் சுழல் தட்டில் இட்லியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுப்பேன். ஐந்து நிமிடத்தில் அதன் மினுமினுப்பு போய்விடும், அடுத்ததை எடுப்பேன். முடிந்ததையெல்லாம் சாப்பிட்டாக வேண்டும். மேல்பக்கம் முடிந்து அடிப்பக்கத்துக்கு வந்தபோதுதான் எனக்கே என்மேல் பெருமை வந்தது. இழை இழையாக ஒரு நெசவு பதிந்திருந்தது. ஒவ்வோர் இழையையும் செய்தேன். ஓர் இழை விட்டுப்போயிருந்த இடத்தையும் விடவில்லை. ஓரமாக ஒரு கோடு தடிப்பாக ஓடியது, அதையும் பதித்தேன்.

மேடத்திடம் காட்டினேன். "கீழ என்ன இது?" என்று கேட்டார்.

"இட்லின்னா அடியில இப்படித்தானுங்க மேடம் இருக்கும்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையுமே சொன்னதில்லை.

"எங்காத்துல டம்ளர்ல வார்ப்போம். நீங்க பாத்தேள்னா சரி" என்றார் அவர். காவ்யாவைப் பொறுத்தவரை இட்லி என்பது சாம்பாருக்குள் இருக்கும் ஒரு பொருள். அதற்கு அடிப்பக்கம் உண்டு என்றே அவள் யோசித்ததில்லை.

அப்படித்தான் நாங்கள் ஐந்து பேரும் அந்த அறையில் உட்கார்ந்தோம். ஆவி எழும்பியது. இட்லி மேலே வந்தது. கிரிஜம்மா முகம் மலர்ந்து முன்னால் சாய்ந்தார். இட்லி காற்றில் மெதுவாகத் திரும்பியது. நிறுத்தச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார், இட்லிக்கு ஏன் பேண்டேஜ் கட்டியிருக்கிறது என்று.

பிரசாந்தும் எழுந்து போனார். "அம்மா, பேண்டேஜுக்குக் கரை வேற இருக்கு."

கரைதான். எங்கள் பக்கத்தில் இட்லித் தட்டின்மேல் ஈரத் துணி விரித்து, அதன்மேல் மாவு ஊற்றுவோம். சரசு விரித்திருந்தது என் பழைய வேட்டி. அந்த வேட்டியின் கரையைத்தான் நான் நாலு நாள் உட்கார்ந்து இழைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து துணி இட்லியே தின்று வளர்ந்தவனுக்கு, வேறு மாதிரி இட்லிக்கு அடிப்பக்கம் வேறு மாதிரி இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ஓட்டலில் தின்றதில்லையா என்று கேட்பீர்கள். தின்றிருக்கிறேன். ஓட்டலில் உட்கார்ந்தால் எனக்கு, கொண்டுவந்த பணம் போதுமா என்ற யோசனையே ஓடும். இட்லியை எங்கே புரட்டிப் பார்ப்பது?

எல்லாவற்றையும் உளறி முடித்தேன். கிரிஜம்மா கோபிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு அது சரி, என் மாவை வாங்குகிறவர்கள் ஸ்டாண்டில் ஊற்றுகிறார்கள், இதைப் பார்த்தால் மாவுப் பாக்கெட்டுக்குள் துணி கிடந்தது என்று நினைப்பார்கள் என்றார். பிரசாந்த் அவ்வளவு பொறுமைக்காரர் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி இதையே பாதி விலைக்குச் செய்து தருகிறது, திங்கட்கிழமை சரியாக வராவிட்டால் அங்கே போய்விடுவோம் என்று சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனார்.

மேடம் காப்பி வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"முருகேசன், நீங்க இட்லியப் பாக்கலை. உங்காத்து இட்லியப் பாத்தேள்."

நான் காப்பியைத் தொடவில்லை.

"இந்த வேலை போச்சுன்னா நான் ஒருத்தரைக் குறைச்சாகணும். காவ்யாவைக் குறைக்க முடியாது. அவளுக்குச் சம்பளம் கம்மி, வேகம் ஜாஸ்தி."

வேலை போய்விடும் என்று நான் சேர்ந்த நாளிலிருந்தே பயந்து வந்திருக்கிறேன். அத்தனை வருஷம் ஒத்திகை பார்த்ததனால் அன்று தைரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. எட்டாவது படித்த ஐம்பத்தாறு வயதுக்காரனை யார் எடுப்பார்கள்?

வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் பிசகு.

"அப்ப இத்தன வருசமா எங்க இட்லியத் தின்னதெல்லாம் தப்புங்களா?"

அது இல்லை, துணி இல்லாமல் ஒரு ஈடு ஊற்றிக் கொடு, பக்கத்து வீட்டில் இட்லி ஸ்டாண்ட் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன்.

"எனக்கு இட்லி சுடத் தெரியாதுன்னு ஊருக்கே தண்டோரா போடச் சொல்றீங்க. ஓட்டலுக்குப் போங்க."

போனேன். சனிக்கிழமை காலை, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து முனையில் இருக்கும் சின்ன ஓட்டல். வாசலை ஒட்டிய மேஜை, நல்ல வெளிச்சம். ஒரு தட்டு இட்லி கேட்டேன். சட்னி, சாம்பார் வேண்டாம் என்றேன். சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டு இட்லி வந்தது. பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். விரல் ரேகை பட்டால் மேல்தோல் கெட்டுவிடும். இட்லியைப் புரட்டினேன். அடியில் வட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், தட்டின் ஓட்டைகளுக்குள் மாவு இறங்கி வெந்த புள்ளிகள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். ஸ்கேலை வைத்து அளந்தேன். போட்டோ எடுத்தேன். பிய்த்து, உள்பக்கத்தையும் போட்டோ எடுத்தேன். ஆறிவிட்டது. இன்னொரு தட்டு கேட்டேன்.

மூன்றாவது தட்டின்போது கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். ஓட்டல் முதலாளி, பெயர் நஞ்சுண்டப்பா என்று பிறகு தெரிந்தது. நான்காவது தட்டு வந்தபோது சர்வரின் தலையில் தொப்பி இருந்தது. தண்ணீர் ஜக் மாறியது. யாரோ ஸ்டூல்மேல் ஏறி ஃபேனைத் துடைத்தார்கள். என்னைத் திருடன் என்று நினைக்கிறார்கள், அடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு வியர்த்தது. வியர்வை இட்லியில் விழாமல் இருக்க ஒரு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் படமெடுத்தேன். வந்த ஒன்பது தட்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் கோபம் இன்னும் அதிகமாகுமோ என்று பயம்.

கடைசியில் நஞ்சுண்டப்பாவே வந்தார். அவருக்கும் வியர்த்திருந்தது. உள்ளே வந்து பாருங்கள் சார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னைச் சுகாதார இன்ஸ்பெக்டர் என்று நினைத்திருக்கிறார். அந்த ஓட்டலில் அன்று இரண்டு பேர், ஒருவரைப் பார்த்து ஒருவர் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

உண்மையைச் சொன்னேன். நான் இன்ஸ்பெக்டர் இல்லை, கம்ப்யூட்டரில் இட்லி செய்கிறவன் என்றேன். அவர் என் கையுறையைப் பார்த்தார். "ஆகட்டும் சார், புரிஞ்சுது சார்" என்று ரகசியக் குரலில் சொல்லி, என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தார்கள். ஆவி விலகியதும் இட்லிகளின்மேல் ஈரமான ஒரு மினுக்கம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அது வற்றிப்போனது. ஒன்றைப் பிய்த்துக் காட்டச் சொன்னேன். என் கம்ப்யூட்டர் இட்லி பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. இது உடையவில்லை. முதலில் இழுபட்டது, நடுவில் மெல்லிய நூல்கள் மாதிரி சதை நீண்டது, பிறகு மனசில்லாமல் பிரிந்தது. எனக்கு வேண்டியது அதுதான். ஒருநாள் முழுக்க மவுஸைத் தொடாதே என்று மேடம் ஏன் சொல்வார் என்பது, அத்தனை வருஷம் அவரிடம் வேலை பார்த்த பிறகு, யாரோ ஒருவருடைய அடுப்படியில் எனக்கு விளங்கியது.

பில் கேட்டேன். "பேட சார், பேட" என்று வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினார். பர்ஸை எடுத்ததும் முகம் வெளுத்துவிட்டது. லஞ்சம் கொடுக்கிறாரா என்று சோதிக்க நான் போடும் நாடகம் என்று நினைத்தார் போலும். நான் பிடித்த பர்ஸோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். நெசவை நான் அழித்தேன், வேட்டிக் கரையோடு. புள்ளிகளை வைத்தேன். பிய்கிற இடத்தைக் காவ்யா செய்தாள். இழுபட்ட சதையை நான் கையை ஆட்டி ஆட்டி விவரித்ததை அவள்தான் அசைவாக மாற்றினாள். அது எனக்கு வராது.

திங்கட்கிழமை அதே ஐந்து பேர். நான் அதே கதவோர நாற்காலி. இட்லி எழும்பியது, திரும்பியது, அடிப்பக்கம் காட்டியது, இழுபட்டுப் பிரிந்தது. ஆவி வந்தது. பிரசாந்த் அம்மாவைப் பார்த்தார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போடச் சொன்னார். முடிந்ததும் நாக்கை லேசாகச் சப்புக்கொட்டினார்.

"உப்பு ஸ்வல்ப கம்மி" என்றார்.

மேடம் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். பிரசாந்த் கையெழுத்துப் போட்டார். நான் வேலைக்கான வயது முடியும்வரை அதே ஸ்டுடியோவில் இருந்து, நல்லபடியாக ஓய்வு பெற்றேன்.

ஓட்டல் கடன் மட்டும் தீரவில்லை. அடுத்த வாரமே பணம் கொடுக்கப் போனேன். நஞ்சுண்டப்பா புது லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் காப்பி டம்ளருக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டு நழுவினேன். சர்வர் தெருவில் துரத்தி வந்து, எல்லோரும் பார்க்க என் சட்டைப்பையில் திணித்தான். சரசுவை அனுப்பினேன். அவள் ஒரு தட்டு சாப்பிட்டு, அதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒம்பது தட்டு தின்ன ஆளு என்ற வூட்டுக்காரருன்னு எப்படிங்க சொல்றது? இட்லி பரவால்ல, துணி போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

காவ்யா என்னைச் சோதித்துவிட்டுப் போன மறுநாள், மனசு கேட்காமல் மறுபடியும் அங்கே போனேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மறந்திருப்பார் என்ற நம்பிக்கையில். மறக்கவில்லை. அதே வாசல் மேஜையில் உட்காரவைத்தார், கேட்காமலே ஒரு தட்டு இட்லி வந்தது, சட்னி சாம்பார் இல்லாமல்.

ஓட்டலுக்கு எதிரே சந்திப்பில் கிரிஜம்மாவின் விளம்பரப் பலகை. என் இட்லி, ஒரு மாடி உயரத்துக்கு, அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு காற்றில் நின்றது. நஞ்சுண்டப்பா அதைக் கை காட்டினார்.

"அத நோடி சார். கம்ப்யூட்டர் இட்லி. இட்லி எங்கயாவது அப்படி இருக்குமா? நீங்கதான் சார் அது மேல ஒரு ஆக்‌ஷன் எடுக்கணும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தேன். தட்டில் இருந்த இட்லியைப் புரட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு புள்ளி இல்லை. அவருடைய இட்லித் தட்டில் ஓர் ஓட்டை அன்றிலிருந்து இன்றுவரை அடைபட்டுக் கிடக்கிறது. பலகையிலும் அதே இடத்தில் புள்ளி இல்லை. வேட்டிக் கரையை அழித்துவிட்டு, நான் இந்த ஓட்டலின் அடைப்பை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். காவ்யா காட்டிய இரண்டு படத்தில், புள்ளியெல்லாம் ஒழுங்காக இருந்ததை என்னுடையது என்று நினைத்துத்தான் தொட்டிருந்தேன்.

"ஆமாங்க, சரியில்லதான். பாக்கறேன்" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் பைக்குள் விட்ட கையை அவரே பிடித்து, வெறுங்கையாக வெளியே எடுத்து, குலுக்கி அனுப்பினார்.

ஆக, அன்றைய ஒன்பது தட்டு, இரண்டு காப்பி, இப்போது இந்த ஒரு தட்டு. பழைய விலைக்கே போட்டாலும், நஞ்சுண்டப்பாவுக்கு நான் தர வேண்டியது நானூற்று முப்பது ரூபாய்.